நெய்வேலித் திறந்தவெளிச் சுரங்கம்

தமிழ்நாட்டின் கடலூர் மாவட்டத்திலுள்ள நெய்வேலியில் பழுப்பு நிலக்கரி திறந்தவெளி முறையில் அகழப்படுகிறது. மேல்மண்ணை முழுதாக நீக்கிக் கரியை எடுக்கும் இம்முறை அவ்விடத்துக்கு ஏற்குமா என்ற ஐயம், கரி இருப்பது தெரிந்த பின்னும் பல ஆண்டுகள் தீரவில்லை.

1930களில் ஜம்புலிங்க முதலியார் தம் நிலத்தில் கிணற்றுக்காகத் துளையிட்டபோது நீருடன் கரிய துகள்கள் வந்தன. கண்டுபிடிப்பின் பெருமை அவருக்கே உரியது. 1940களில் இந்தியப் புவிச்சரிதவியல் துறை துளையிட்டுப் படிவை உறுதிசெய்தது. பின்னர் கொழும்புத் திட்டத்தின் கீழ் லண்டனின் பவல் டஃப்ரின் நிறுவனம் சாத்தியப்பாட்டை ஆராய்ந்தது. 1956இல் நெய்வேலி பழுப்பு நிலக்கரிக் கூட்டுத்தாபனம் அமைந்தது. 1957 மே 20இல் பிரதமர் நேரு அகழ்வைத் தொடக்கிவைத்தார். கரிப்படுகை கண்ணில் பட்டது 1961 ஓகஸ்டில்தான்.

இத்தாமதத்தின் பெரும்பங்கு நிலத்தினுடையது. கரிக்கு மேல் கடலூர் மணற்கல் பல பத்து மீற்றர் தடிப்பில் கிடக்கிறது. ஜேர்மனியிலிருந்து வந்த சக்கர வாளி அகழ்பொறிகளின் பற்களை அது விரைவில் தேய்த்துவிட்டதால், பாறையை முதலில் வெடிவைத்துத் தளர்த்த வேண்டியிருந்தது. அதைவிடப் பெரிய இடர் கரிக்குக் கீழே இருந்தது. அங்குள்ள நீர்ப்படுகை சதுர சென்ரிமீற்றருக்கு 6 முதல் 8 கிலோகிராம் விசையுடன் மேல்நோக்கி அழுத்துகிறது. மேற்சுமையை அகற்றியதும் குழியின் அடித்தளம் பொங்கி வெடிக்கும். ஆகவே சுற்றிலும் குழாய்க்கிணறுகள் அமைத்து இரவுபகலாக நீர் இறைக்கப்படுகிறது. எடுக்கும் ஒரு தொன் கரிக்குப் பல தொன் நீர் வெளியேறுகிறது. இந்நீர் அனல்மின் நிலையத்துக்கும் பாசனத்துக்கும் பயன்படுகிறது.

வடக்கின் உறைநிலங்களில் திறந்தவெளிச் சுரங்கத்தின் சிக்கல் நேர்மாறானது. அங்கு நிலத்திலுள்ள நீர் பனிக்கட்டியாக இறுகியிருக்கும்வரை குழியின் சுவர் உறுதியாக நிற்கும். வெட்டிய பரப்பில் கோடை வெயில் படும்போது பனி உருகிச் சுவர் சேறாய்ச் சரியும்; அதனால் வெடிவைப்பு, வடிகால், பாதை எல்லாம் பருவத்துக்கேற்ப அமைய வேண்டும். ஆயினும் அலாஸ்காவின் ஹீலியிலும் யகூத்தியாவின் நெரியுங்கிரியிலும் திறந்தவெளியிலேயே கரி எடுக்கப்படுகிறது. அங்கே எதிரி வெப்பம், நெய்வேலியில் நீர். இரண்டிலும் பொறியியலாளரின் வேலை நீரின் நிலையைக் கட்டுக்குள் வைத்திருப்பதே.

நெய்வேலிக் கூட்டுத்தாபனம் 2016இல் என்.எல்.சி. இந்தியா எனப் பெயர் மாறியது. 2023இல் சுரங்க விரிவாக்கத்துக்காக வளையமாதேவிக் கிராமத்தில் பயிர் நின்ற வயல்களூடே கால்வாய் வெட்டப்பட்டதையிட்டு எதிர்ப்புக் கிளம்பியது.