முப்பது நாளா, முப்பத்திரண்டு நாளா?

இஸ்தான்புல்லின் சுல்தானகமது சதுக்கத்தில் எகிப்தியத் தூண் ஒன்று நிற்கிறது. கி.மு. 15ஆம் நூற்றாண்டில் மூன்றாம் துத்மோஸ் என்ற ஃபாரோ கர்னாக் கோயிலுக்காகச் செய்வித்தது. ரோமப் பேரரசன் முதலாம் தியோடோசியஸ் கி.பி. 390இல் அதை இங்கே நிறுத்தினான். பீடத்தின் ஒரு பக்கம் லத்தீனிலும் எதிர்ப்பக்கம் கிரேக்கத்திலும் கல்வெட்டு இருக்கிறது. தூணை நிமிர்த்த முப்பது நாள் ஆனது என்கிறது லத்தீன். முப்பத்திரண்டு நாள் என்கிறது கிரேக்கம். ஒரே கல், ஒரே வேலை, இரண்டு கணக்கு.

இந்த நகரத்தைப் பார்க்கப் போனபோது எனக்கு இருபத்துமூன்று வயது. முதல் வெளிநாட்டுப் பயணம். அதுவரை இஸ்தான்புல் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் பள்ளிப் புத்தகத்தில் படித்த ஒன்றரை வரிதான்: 1453இல் துருக்கியர் கான்ஸ்டாண்டிநோபிளைக் கைப்பற்றினர், அதனால் ஐரோப்பியர் இந்தியாவுக்குப் புதிய கடல்வழி தேடினர். ஒரு மதிப்பெண் கேள்வி. ஒரு நகரத்தின் ஆயுள் முழுவதும் ஒரே ஒரு ஆண்டுக்குள் அடங்கிவிட்ட மாதிரி.

ஆனால் சதுக்கத்தில் கால் வைத்ததும் அந்த ஆண்டு எங்கேயோ பின்னால் போய்விட்டது. எகிப்தியத் தூணிலிருந்து சில எட்டு நடந்தால் பாம்புத் தூண். ஒன்றையொன்று முறுக்கிக்கொண்ட மூன்று வெண்கலப் பாம்புகள். கி.மு. 479இல் பிளாட்டேயா போரில் பாரசீகரை வென்ற கிரேக்க நகரங்கள், அந்த வெற்றிக்காக டெல்ஃபி கோயிலுக்குக் கொடுத்த காணிக்கை. தன் புதிய தலைநகரை அலங்கரிக்கப் பேரரசன் கான்ஸ்டன்டைன் அதைப் பெயர்த்து எடுத்துவந்தான். தலைகள் இப்போது இல்லை. ஒரு தலையின் மேல்பகுதி மட்டும் இங்குள்ள தொல்பொருள் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. தூணின் அடி இன்றைய தரைக்குக் கீழே, ஒரு குழிக்குள் நிற்கிறது. அன்றைய தரை அதுதான். பதினாறு நூற்றாண்டு மண் ஏறியதில் நாம் மேலே நின்று எட்டிப் பார்க்கிறோம்.

இந்த இடம் அக்காலத்தில் தேரோட்டப் பந்தயத் திடல். பெயர் ஹிப்போட்ரோம். துருக்கியிலும் அதைக் குதிரைத் திடல் என்ற பொருளில் ‘அத் மெய்தானி’ என்றே சொல்லிவந்தார்கள். ஆட்சி மாறியது, மதம் மாறியது, மொழி மாறியது, குதிரை மட்டும் பெயரிலிருந்து இறங்கவில்லை.

532 ஜனவரியில் இங்கே நடந்ததை வாசித்துவிட்டு அந்தத் திடலில் நடப்பது சுலபமில்லை. தேரோட்ட ரசிகர்கள் நீலம், பச்சை என்று இரண்டு கட்சியாக இருந்தார்கள். எப்போதும் அடித்துக்கொள்ளும் அந்த இரண்டு கட்சியும் பேரரசன் ஜஸ்டீனியனுக்கு எதிராக ஒன்றுசேர்ந்தன. ‘நிகா’, அதாவது ‘வெல்க’ என்று கத்திக்கொண்டு நகரத்துக்குத் தீ வைத்தன. கடைசியில் கூட்டத்தைத் திடலுக்குள்ளேயே மடக்கிப் படைகள் வெட்டித் தள்ளின. இறந்தவர்கள் முப்பதாயிரத்துக்கும் மேல் என்று எழுதுகிறார் அதே காலத்தில் வாழ்ந்த புரோகோப்பியஸ். நான் போன அன்று அங்கே சோளக்கதிர் சுடும் வண்டி நின்றது. எள்ளு தூவிய வளைய ரொட்டியைப் பிய்த்துப் புறாக்களுக்குப் போட்டுக்கொண்டிருந்தது ஒரு குழந்தை.

அந்தக் கலவரத்தில் எரிந்துபோன தேவாலயம் இருந்த இடத்தில்தான் இன்றைய ஆயா சோஃபியா நிற்கிறது. ரத்தம் காய்ந்து ஆறு வாரம் ஆகுமுன் ஜஸ்டீனியன் வேலையைத் தொடங்கிவிட்டான். டிராலஸ் ஊர் அந்தேமியஸ், மிலேட்டஸ் ஊர் இசிடோர் என்ற இருவர் வடிவமைத்தார்கள். இருவருமே கணிதத்தில் கரைகண்டவர்கள். 537 டிசம்பரில் திறப்புவிழா. ஆறு ஆண்டுகூட ஆகவில்லை. அவசரத்துக்கு விலை இருந்தது. 558இல் குவிமாடம் இடிந்து விழுந்தது. இசிடோரின் உறவினரான இளைய இசிடோர் அதை இன்னும் உயர்த்திக் கட்டினார். ஏறக்குறைய அதுதான் இப்போதும் நம் தலைக்கு மேலே இருக்கிறது. அடியில் வரிசையாக நாற்பது ஜன்னல்கள். வெளிச்சம் உள்ளே வரும்போது, குவிமாடம் சுவரில் உட்காராமல் மிதப்பது போலத்தான் தெரிகிறது.

உள்ளே இருந்த நேரத்தில் ஊரிலிருந்து நண்பன் வாட்ஸப்பில் கேட்டான்: “டேய், அது சர்ச்சா, மசூதியா? ஒரே வார்த்தையில சொல்லு.”

ஒரே வார்த்தையில் சொல்ல முடியாது என்பதுதான் அந்தக் கட்டடமே. இப்படிப்பட்ட கேள்வி நம் ஊரில் எவ்வளவு சூடானது என்று சொல்லத் தேவையில்லை. அதனால் அவனுக்கு நீளமாகவே எழுதினேன்.

மாடியில், பயணிகள் நடக்கும் பகுதியில், தரையில் ஒரு கல் பதித்திருக்கிறது. அதில் வெனிஸ் ஆட்சித்தலைவர் என்ரிகோ டான்டோலோவின் பெயர். கல் 19ஆம் நூற்றாண்டில் வைத்தது. ஆனால் அவரை 1205இல் இந்தக் கட்டடத்தில்தான் அடக்கம் செய்தார்கள். முதுமையில் பார்வை இழந்த மனிதர். நான்காம் சிலுவைப்போர்ப் படை எருசலேம் பக்கம் போகாமல் 1204இல் இந்த நகரத்துக்குள் புகுந்தபோது முன்னால் நின்றவர். கிறிஸ்தவ உலகின் மிகப் பெரிய நகரத்தை முதலில் சூறையாடியவர்கள் கிறிஸ்தவர்கள்தான். பந்தயத் திடலில் இருந்த நான்கு குதிரைச் சிலைகள் வெனிஸுக்குப் போய் புனித மார்க் தேவாலயத்தின் முகப்பில் ஏறின. 1797இல் நெப்போலியன் அவற்றைப் பாரிஸுக்கு ஓட்டிப்போனான். 1815இல் திருப்பிக் கொடுத்தபோது போய்ச் சேர்ந்த இடம் வெனிஸ்தான். எடுத்த இடத்துக்கு அவை திரும்பவில்லை.

1453இல் இரண்டாம் மெஹ்மெத் உள்ளே வந்தபோது, நகரத்தில் ஐம்பதாயிரம் பேர் அளவுக்குத்தான் இருந்திருப்பார்கள் என்று கணிக்கிறார்கள். அப்போதும் கொள்ளை நடந்தது, மக்கள் அடிமைகளாகப் பிடிக்கப்பட்டார்கள். அதை மறைக்க வேண்டியதில்லை. தேவாலயம் பள்ளிவாசலானது. அடுத்த ஆண்டே கிரேக்கத் திருச்சபைக்குத் தலைவரை நியமித்தவனும் அதே சுல்தான்தான். ஒரு நூற்றாண்டு கழித்துக் கட்டடம் தள்ளாடியபோது முட்டுக்கொடுத்து நிறுத்தியவர் ஒட்டோமான் கட்டடக்கலைஞர் சினான். அந்த முட்டுச்சுவர்கள் இல்லாமல் கிரேக்கனின் குவிமாடம் இன்றைக்கு நின்றிருக்குமா என்பது சந்தேகம்தான். 1930களில் அருங்காட்சியகம், 2020இல் மறுபடியும் பள்ளிவாசல். இப்போது கீழ்த்தளம் தொழுகைக்கு, மாடி வெளிநாட்டுப் பயணிகளுக்கு.

“அப்ப யாருக்குடா சொந்தம்?” என்று பதில் வந்தது.

அந்தக் கேள்வியோடுதான் அருகிலிருந்த நிலத்தடி நீர்த்தேக்கத்துக்குள் இறங்கினேன். அதுவும் ஜஸ்டீனியன் காலத்து வேலை. 336 தூண்கள், பாதி இருட்டில் வரிசை வரிசையாக. பல தூண்கள் பழைய கட்டடங்களிலிருந்து பெயர்த்து வந்தவை. ஒன்றின் தலைப்பு இன்னொன்றுக்குப் பொருந்தாது. மூலையில் இரண்டு தூண்களுக்கு அடியில் மெடூசாவின் தலைகள். ஒன்று பக்கவாட்டில் சாய்ந்து, மற்றொன்று தலைகீழாக. இப்படி மறுபடி பயன்பட்ட கற்களை வரலாற்றாளர்கள் ‘ஸ்போலியா’ என்பார்கள். லத்தீனில் அதற்குப் போர்க்கொள்ளை என்று பொருள். நாளடைவில் இந்த இடமே மறந்துபோனது. 1540களில் பியர் ஜில் என்ற பிரெஞ்சு அறிஞர் வந்து விசாரித்தபோது, அக்கம்பக்கத்தார் வீட்டுத் தரையில் இருந்த துளை வழியாக வாளி விட்டுத் தண்ணீர் எடுத்துக்கொண்டிருந்தார்கள். மீன்கூடப் பிடித்தார்கள். பேரரசனின் பெருமையைப் பற்றி அவர்களுக்குக் கவலையில்லை. தண்ணீர் வந்தது, போதும்.

‘யாருக்குச் சொந்தம்’ என்ற கேள்விக்கு அரசர்கள் சொன்ன பதில்கள் எல்லாம் கல்லில் இருக்கின்றன. ஒவ்வொருவனும் முந்தியவனின் வெற்றிச் சின்னத்தைத் தன் முற்றத்தில் நட்டுக்கொண்டான். கட்டடத்தைக் காப்பாற்றியது அந்தப் பதில்கள் அல்ல. கூரை ஒழுகும்போது ஏணி வைத்து ஏறியவர்களும், தூண் சாயும்போது முட்டுக்கொடுத்தவர்களும், துளை வழியாக வாளி விட்டவர்களும்தான். உரிமை கொண்டாடுவதற்கும் பொறுப்பு எடுத்துக்கொள்வதற்கும் உள்ள வித்தியாசம் எனக்கு அந்த ஊரில்தான் பிடிபட்டது. நண்பனுக்கும் அதைத்தான் எழுதினேன். “பெருசா ஃபிலாசஃபி பேசுற, சாப்டியா?” என்றான்.

கடைசி நாள் யெனிகாப்பி நிலையத்துக்குப் போனேன். கடலுக்கடியில் ரயில்பாதை போட 2004இல் இங்கே தோண்டத் தொடங்கியபோது தியோடோசியஸ் காலத்துத் துறைமுகம் கிடைத்தது. கூடவே 37 கப்பல்கள். அதற்கும் கீழே, எட்டாயிரம் ஆண்டுக்கு முந்தைய மனிதர்களின் காலடித் தடங்கள், ஈரமண்ணில் பதிந்தபடி. ஆய்வு முடியும்வரை திட்டம் பல ஆண்டுகள் தள்ளிப்போய், 2013இல்தான் ரயில் ஓடியது. அந்த ரயிலில் ஏறினேன். ஐரோப்பாவிலிருந்து ஆசியாவுக்குச் சில நிமிடம்தான். எதிரில் இருந்த அம்மா மடியில் காய்கறிப் பையோடு தூங்கிக்கொண்டிருந்தார். உஸ்குதார் வந்ததும் யாரும் எழுப்பாமலே எழுந்து இறங்கிப் போனார்.