பட்டன் இல்லாத கை: கினெக்ட் எங்கே போனது?

கினெக்ட் பற்றிப் பேச்சு வந்தால் "அது தோற்றுப்போன சாமான்தானே" என்று ஒரே வரியில முடித்துவிடுவார்கள். விற்பனையைப் பார்த்தால் அப்படிச் சொல்ல ஏலாது. 2010 நவம்பரில் வந்து, முதல் 60 நாளில் 80 இலட்சம் விற்று கின்னஸ் புத்தகத்திலும் ஏறின சாதனம் அது. பிறகு ஏன் கைவிட்டார்கள்? அது விளங்க வேணுமென்றால், ஒவ்வொரு கொன்சோலிலும் கமரா எதைப் பார்த்தது என்று கேட்க வேணும்.

2003இல் சோனி விட்ட ஐடோய், பிளேஸ்டேஷன் 2இல் பூட்டுகிற ஒரு சாதாரண வெப்கமரா. ஒரு ஃபிரேமுக்கும் அடுத்ததுக்கும் இடையில் படத்தில் எது மாறியது என்பதைத்தான் அது கவனிக்கும். ஆடினது உங்கட கையா, பின்னால இருக்கிற திரைச்சீலையா என்று அதுக்குத் தெரியாது. ஆனாலும் டிவிக்குள் தன்னையே பார்த்துக்கொண்டு ஜன்னல் துடைக்கிற பகிடி சனத்துக்குப் பிடித்திருந்தது.

2006இல் நின்டெண்டோ கதையைத் தலைகீழாக்கியது. வீயில் கமரா இருப்பது ரிமோட்டின் மூக்கில். டிவிக்குப் பக்கத்தில் வைக்கிற 'சென்சர் பார்' எதையுமே உணராது, அதில் இருப்பது இன்ஃப்ராரெட் விளக்குகள் மட்டும்தான். ரெண்டு மெழுகுதிரி கொளுத்தி வைத்தாலும் ரிமோட் ஏமாந்துவிடும்!

2010 செப்டெம்பரில் வந்த சோனியின் மூவ், நுனியில் ஒளிரும் பந்துள்ள ஒரு கோல். பந்தின் உண்மையான அளவு கொன்சோலுக்குத் தெரியும். அதனால் படத்தில் அது எவ்வளவு பெரிதாகத் தெரிகிறது என்பதை வைத்தே தூரத்தைக் கணக்கிடலாம். அறையின் நிறத்தோடு கலந்துவிடாமல் பந்து தன் நிறத்தையும் மாற்றும். பார்க்கச் சிரிப்பு வரும், ஆனால் கெட்டித்தனமான வேலை. முக்கியமாக, கையில் பட்டன் இருந்தது.

கினெக்ட் கையில் எதையுமே தரவில்லை. இஸ்ரேலின் பிரைம்சென்ஸ் நிறுவனத்தின் தொழில்நுட்பம் அது. கண்ணுக்குத் தெரியாத இன்ஃப்ராரெட் புள்ளிகளை அறை முழுக்கத் தெளித்து, அவை எவ்வளவு விலகி விழுகின்றன என்று பார்த்து ஆழத்தை அளந்தது. அந்த ஆழப் படத்தில் எது தலை, எது முழங்கை என்று பிரிக்கிற வேலையை மைக்ரோசொஃப்டின் கேம்பிரிட்ஜ் ஆய்வுகூடம் செய்தது. முடிவில் 20 மூட்டுள்ள எலும்புக்கூடு ஒன்று கிடைத்தது. தொழில்நுட்பமாகப் பார்த்தால் மற்ற எல்லாத்தையும் விட இது எங்கேயோ முன்னால.

விளையாட்டாகப் பார்த்தால்? துவக்கால் எப்படிச் சுடுவது? மெனுவில் ஒன்றைத் தெரிவுசெய்யவே கையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நிற்க வேணும். அசைவு திரைக்குப் போய்ச்சேரத் தாமதம். டிவிக்கு முன்னால ஆறடி வெறுமையாக இருக்க வேணும், ரெண்டு பேரென்றால் எட்டடி. 'டான்ஸ் சென்ட்ரல்' போன்ற நடன விளையாட்டுகள்தான் அதில் உருப்படியாக வந்தன, நடனத்துக்குப் பட்டன் தேவையில்லையே.

2013இல் மைக்ரோசொஃப்ட் பிடிவாதம் பிடித்தது. எக்ஸ்பொக்ஸ் வன் இயங்க கினெக்ட் கட்டாயம் என்றது. விலை 499 டொலர், போட்டிக்கு வந்த பிளேஸ்டேஷன் 4 வெறும் 399. அதே ஜூனில்தான் ஸ்னோடனின் ஆவணங்களும் வெளிவந்தன. வீட்டு ஹோலில் எந்நேரமும் விழித்திருக்கிற கமராவை யார் விரும்புவார்கள்? ஓகஸ்டில் கட்டாயம் நீங்கியது. 2014 ஜூனில் கினெக்ட் இல்லாத பெட்டியே 399 டொலருக்கு வந்தது.

பிரைம்சென்ஸை அப்பிள் 2013 நவம்பரிலேயே வாங்கிவிட்டிருந்தது. கினெக்ட் உற்பத்தியை நிறுத்துவதாக மைக்ரோசொஃப்ட் சொன்னது 2017 ஒக்டோபரில். அடுத்த மாதம் கடைக்கு வந்த ஐபோன் எக்ஸ், ஆளின்ட முகத்தில் 30,000க்கு மேற்பட்ட இன்ஃப்ராரெட் புள்ளிகளைத் தெளித்துப் பூட்டைத் திறந்தது.