நீல ரத்தம்

ஏவுகணை சோதனைன்னு பேப்பர்ல அடிக்கடி பேர் வருமே, ஒடிசாவில் இருக்கிற சண்டிபூர், அங்கே லீவுக்குக் குடும்பத்தோடு போயிருந்தோம். கடல் உள்வாங்கினால் நாலைஞ்சு கிலோமீட்டர் போய்விடும். சேற்று மணலில் நடந்துகொண்டே இருக்கலாம். திடீரென்று பையன், "அப்பா, ஹெல்மெட்!" என்று கத்தினான்.

ஹெல்மெட் இல்லை. கிழிந்த வலையில் சிக்கி மல்லாந்து கிடந்த குதிரை லாட நண்டு. கால்கள் இன்னும் அசைந்தன. வலையைப் பிய்த்து எடுத்து, திருப்பித் தண்ணீரில் விட்டோம். (வாலைப் பிடித்துத் தூக்காதீர்கள். ஓட்டின் ஓரத்தைப் பிடிக்கணும்.)

ஹைதராபாத்தில் ஊசிமருந்து லேபில் பதினெட்டு வருஷமாக இதன் உறவுக்காரன் ரத்தத்தில்தான் என் பிழைப்பு. உயிரோடு பார்த்தது அன்றைக்குத்தான் :-)

பேர்தான் நண்டு, நெருங்கிய சொந்தம் என்னவோ தேளும் சிலந்தியும். சுமார் 44 கோடி வருஷப் பழைய பாறைகளிலேயே இந்த வம்சம் இருக்கிறது. டைனோசர் எல்லாம் நேற்றுப் பிறந்த பிள்ளை.

அமெரிக்காவின் டெலவேர் விரிகுடாவில் 19-ஆம் நூற்றாண்டில் வருஷத்துக்குப் பத்து லட்சத்துக்கும் மேல் அள்ளி, அரைத்து, வயலுக்கு உரமாகப் போட்டார்கள். அதுக்கு மேல் மதிப்பில்லை. 1956-ல் ஃபிரெடரிக் பேங் என்ற விஞ்ஞானி, ஒரு வகை பாக்டீரியா உள்ளே போனால் இதன் ரத்தம் முழுக்க உறைந்துவிடுவதை எழுதினார். பிறகு ஜாக் லெவினும் சேர்ந்து, உறைய வைக்கும் சரக்கு ரத்த அணுவுக்குள் இருக்கிறது என்று 1964-ல் காட்டினார்கள். செம்பு கலந்த ரத்தம், அதனால் நீலம்.

அதுவரை ஊசிமருந்தை முயலின் காது நரம்பில் ஏற்றி, அதுக்குக் காய்ச்சல் வருதா என்று தெர்மாமீட்டரோடு காத்திருந்தார்கள். 1977-ல் அமெரிக்க அரசு நண்டு ரத்தச் சோதனைக்குப் பச்சைக்கொடி காட்டியது. இப்போது சின்னக் குழாயில் மருந்தையும் ரத்தச் சாற்றையும் கலந்து, 37 டிகிரியில் ஒரு மணி நேரம் வைத்து, தலைகீழாகக் கவிழ்ப்போம். கெட்டியாக நின்றால் அந்த பேட்ச் அவுட். உங்கள் குழந்தைக்குப் போட்ட தடுப்பூசிக்கும் இப்படி ஏதோ ஒரு சோதனை நடந்திருக்கும்.

ரத்தம் எடுத்து நண்டைக் கடலில் விடுகிறார்கள். ஆனால் 15 சதவீதம் செத்துவிடும் என்றே அங்கே கணக்கு வைத்திருக்கிறார்கள். 1990-களில் மீன்பிடி இரைக்கும் இதையே வெட்டியதில் எண்ணிக்கை சரிந்தது. இதன் முட்டையைத் தின்று ஆர்க்டிக் வரை பறக்கும் ரெட் நாட் பறவையை 2014-ல் ஆபத்துப் பட்டியலில் சேர்க்க வேண்டி வந்தது.

நம்ம ஊரில் பிரச்சினை வேற. ஒடிசா, வங்காளக் கரைகளில் இரண்டு வகை உண்டு. வனவிலங்குச் சட்டத்தில் பாதுகாப்பும் உண்டு. ஆனால் வலைக்குச் சட்டம் தெரியாது. முட்டையிட மணலும் குறைந்து வருகிறது.

சுந்தரவனத்திலும் இருக்கிற வகையின் மரபணுவை வைத்து, சிங்கப்பூரில் 1990-களிலேயே ரத்தமே தேவையில்லாத மாற்று கண்டுபிடித்தார்கள். ஐரோப்பிய ஃபார்மகோபியாவில் 2021-ல்தான் அது நடைமுறைக்கு வந்தது, அமெரிக்காவில் 2025 மே மாதம்.

ஊருக்குத் திரும்பியதும், நம்ம லேபிலும் மாற்றலாமா என்று மேலிடத்துக்கு மெயில் போட்டேன். வேலிடேஷன் செலவு யார் தலையில் என்று பதில் வந்திருக்கிறது. எக்ஸலைத் திறந்து கணக்குப் போட்டுக்கொண்டிருக்கிறேன்.