கடுக்காய் மூட்டையும் மர உளியும்



பல்லவர், சோழர் வரலாறெல்லாம் நமக்குத் தலைகீழ்ப் பாடம். ஆனால் மேற்கே தெரியும் கல்வராயன் மலையில் யார் என்ன விளைவித்தார்கள், அதை எப்படி விற்றுப் பிழைத்தார்கள் என்று கேட்டால் நம்மில் பலர் விழிப்போம். காரணம், மலையைப் பற்றி எழுதியவர்கள் வேறு கணக்குக்காக எழுதினார்கள்.

சென்னை அருங்காட்சியகம் 1851இல் தொடங்கப்பட்டது. அதன் கண்காணிப்பாளராக இருந்த எட்கர் தர்ஸ்டன், தென்னிந்தியச் சாதிகளையும் பழங்குடிகளையும் பற்றி 1909இல் ஏழு தொகுதிகள் வெளியிட்டார். மலையாளிப் பழங்குடியினரும் அதில் உண்டு. (கேரளத்தார் அல்ல; தமிழ் பேசும் நம் மலைமக்கள்.) தர்ஸ்டன் மக்களின் தலையையும் மூக்கையும் அளந்தவர். அவர்களுடைய உழைப்பின் மதிப்பை அளக்க அந்த அளவுகோல் உதவுமா?

ஜாகிர்தார் காலத்தைப் பாருங்கள். வரியும் கூலியில்லா வேலையுமாக மலை கிடந்தது. 1976இல்தான் அரசின் நேரடி நிர்வாகத்துக்கு வந்தது. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி விஷச்சாராயத்தில் அறுபதுக்கும் மேற்பட்டோர் மாண்டபோது, மலையின் பெயர் மறுபடியும் சாராயத்தோடு சேர்த்தே பேசப்பட்டது. வரிப் புத்தகம், போலீஸ் பதிவேடு இரண்டை மட்டும் வைத்து ஒரு மக்களின் வரலாற்றை எழுதினால் அது நியாயமாகுமா?

இன்னொரு கணக்கும் இருக்கிறதே! சாமை, தினை, தேன், புளி, கடுக்காய். தோல் பதனிடவும், சாயத்துக்கும், திரிபலா மருந்துக்கும் கடுக்காய் வேண்டும். எப்போது பொறுக்குவது, எவ்வளவு காயவைப்பது, எந்த விலைக்குக் கொடுப்பது என்று தெரிந்தவரைத் தொழில்முனைவர் என்று சொல்லாமல் வேறென்ன சொல்வது? இடைத்தரகரின் பிடியைத் தளர்த்தத்தான் ‘லேம்ப்ஸ்’ எனும் பழங்குடியினர் கூட்டுறவுச் சங்கங்கள் வந்தன. கடுக்காய் பொறுக்கியவர்களுக்கே வரலாறு கடுக்காய் கொடுத்துவிட்டது என்றால் மிகையாகாது!

கீழே நம்ம ஊரில் மரச்சிற்பிகள். கள்ளக்குறிச்சி மரச்சிற்பத்துக்கு 2021இல் புவிசார் குறியீடு கிடைத்தது நமக்கெல்லாம் பெருமை. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். குறியீடு காப்பது ஊரின் பெயரை. விநாயகரைச் செதுக்கிய கையின் பெயர் சிலையில் இல்லை. மலைத்தேன் புட்டியிலும் தேனெடுத்தவர் பெயர் இராது.

இதற்கு வழி காட்டிய ஊர்கள் உண்டு. அமெரிக்காவில் வாஷிங்டன் நகரின் அனகோஸ்டியா என்ற கறுப்பின மக்கள் பகுதியில், 1967இல் ஒரு பழைய சினிமா கொட்டகையில் அக்கம்பக்கத்தாருக்கான அருங்காட்சியகம் திறந்தார்கள். அதே நகரில் 2016இல் திறந்த தேசிய ஆப்பிரிக்க அமெரிக்க அருங்காட்சியகத்தில் மேடம் சி. ஜே. வாக்கரின் கூந்தல் தைல டப்பா இருக்கிறது. அவர் அடிமைகளாயிருந்த பெற்றோருக்கு 1867இல் பிறந்தவர். துணி வெளுத்துப் பிழைத்து, பிறகு பெரும் தொழிலதிபரானவர். சின்ன டப்பாதான். ஆனால் அதன் பக்கத்தில் அவர் பெயர் இருக்கிறது.

நம் கல்லூரியிலும் ஒரு அறை போதும். ஒரு தேன்கூடை, ஒரு மரக்கால், தேய்ந்த உளி, பழைய விற்பனைச் சீட்டு. ஒவ்வொன்றின் கீழும் பயன்படுத்தியவர் பெயர், ஊர், ஆண்டு, அன்றைய விலை. கூடவே, அவர் வாயாலேயே சொன்ன நாலு வரி. பொருளை இரவலாக வாங்கலாம். குடும்பத்தார் சம்மதம் முக்கியம். எதை வைப்பது, எப்படி எழுதுவது என்பதை அவர்களே சொல்லட்டும். நாம் எழுதிக்கொடுப்பவர்களாக இருந்தால் போதும்.

“இதெல்லாம் ஒரு வரலாறாப்பா?” என்று கேட்பார்கள். வெள்ளிமலையிலிருந்து வரும் முதல் தலைமுறை மாணவி ஒருத்தி, தன் பாட்டியின் பெயரைக் கல்லூரிச் சுவரில் படிக்கட்டும். அந்தக் கேள்விக்கு அவளே பதில் சொல்வாள்.

பணம் தரக்கூடியவர்கள் பணம் தாருங்கள். மாணவர்களே, நீங்கள் நோட்டுப் புத்தகத்தோடு மலையேறுங்கள். பெரியவர்கள் இருக்கும்போதே கேட்டு எழுதிவிட வேண்டும்.