ஒரு ரூபாய் விமானச் சீட்டு: ஏர் டெக்கான் எழுந்ததும் வீழ்ந்ததும்



நம் எலவனாசூர்கோட்டைக்கு அருகிலுள்ள உளுந்தூர்பேட்டையில், இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் ஆங்கிலேயர் அமைத்த விமான ஓடுதளம் ஒன்று பயனின்றிக் கிடக்கிறது. நம்மிடம் ஓதும் பிள்ளைகள் அதனைக் கடந்து செல்லும்போதெல்லாம், “இங்கே எப்போது விமானம் வரும், ஹஜ்ரத்?” என்று கேட்பதுண்டு. அண்மையில் ஒரு மாணவர் வேறொரு கேள்வியை எழுப்பினார். 2020ஆம் ஆண்டு வெளிவந்த ‘சூரரைப் போற்று’ திரைப்படத்தின் கதையை யாரோ அவருக்குச் சொல்லியிருக்கிறார்கள். “ஏழைகளுக்காக ஒருவர் விமானம் விட்டாராமே, அந்தக் கம்பெனி இப்போது எங்கே?” என்றார். படம் வெற்றியோடு முடிந்துவிடுகிறது. வரலாறோ அதற்குப் பிறகும் தொடர்ந்தது. அந்த மிச்ச வரலாற்றில்தான் நமக்கான படிப்பினை அதிகம் இருக்கிறது.

திரைப்படத்திற்கு மூலமாக அமைந்தவர் கேப்டன் ஜி.ஆர். கோபிநாத். கர்நாடக மாநிலம் ஹாசன் மாவட்டத்தில், ஹேமாவதி ஆற்றங்கரையிலுள்ள கொரூர் என்னும் சிற்றூரைச் சேர்ந்தவர். இராணுவத்தில் பணியாற்றி, 1971ஆம் ஆண்டுப் போரில் பங்கேற்று, இளவயதிலேயே பணியைத் துறந்து ஊர் திரும்பினார். குடும்ப நிலம் அணைக்கட்டில் மூழ்கியிருந்தது. ஈடாகக் கிடைத்த தரிசு நிலத்தைத் திருத்திப் பட்டுப்புழு வளர்த்தார். இரசாயனங்களைத் தவிர்த்த அவருடைய வேளாண்மைக்கு 1996இல் ரோலக்ஸ் விருது கிடைத்தது. 1997இல் நண்பரோடு சேர்ந்து ஹெலிகாப்டர் வாடகைச் சேவை தொடங்கினார். அதிலிருந்து பிறந்ததே ஏர் டெக்கான்.

அவருக்கு முன்பும் முன்னோடிகள் இருந்தனர். 1953ஆம் ஆண்டுச் சட்டத்தால் வான்வழிப் போக்குவரத்து முழுவதும் அரசின் கையில் இருந்தது. தொண்ணூறுகளின் தொடக்கத்தில் அந்தக் கதவு திறந்தபோது முதலில் நுழைந்தவர்களுள் ஒருவர், கேரளத்தின் வர்க்கலாவை அடுத்த ஓடையத்தைச் சேர்ந்த தகியுத்தீன் வாஹித். வளைகுடாவிற்கு வேலைக்குச் செல்வோருக்குப் பயண ஏற்பாடு செய்துவந்த அவரது குடும்பம், 1992இல் ஈஸ்ட் வெஸ்ட் ஏர்லைன்ஸைத் தொடங்கியது. 1995 நவம்பரில் மும்பையில் அவர் சுட்டுக் கொல்லப்பட்டார். மறு ஆண்டே நிறுவனமும் நின்றுபோனது. இன்னா லில்லாஹி வஇன்னா இலைஹி ராஜிஊன். ஆயினும் அந்நிறுவனம் மலிவுக் கட்டணத்தை நோக்கமாகக் கொண்டதன்று. சாமானியரை விமானத்தில் ஏற்றும் எண்ணம் 2003 ஆகஸ்டில்தான் நம் நாட்டில் செயல்வடிவம் பெற்றது.

அந்நாளில் நம் நாட்டில் இரயிலில் நாள்தோறும் ஒரு கோடிக்கும் மேற்பட்டோர் பயணம் செய்தனர். விமானத்தில் சென்றோர் மிகச் சொற்பம். ஏர் டெக்கான் 48 இருக்கைகள் கொண்ட சிறிய ஏ.டி.ஆர். விமானங்களோடு தொடங்கியது. இலவச உணவு இல்லை, தேவையானோர் வாங்கிக்கொள்ளலாம். உயர் வகுப்பும் இல்லை. தரகர்களை மட்டும் நம்பாமல் இணையத்திலும், பெட்ரோல் நிலையங்களிலும்கூடச் சீட்டு விற்றார்கள். ஆர்.கே. லட்சுமண் வரைந்த ‘சாமானிய மனிதன்’ உருவமே நிறுவனத்தின் அடையாளம். முன்கூட்டிப் பதிவு செய்வோரில் சிலருக்கு ஒரு ரூபாய்க்குக்கூடச் சீட்டு கிடைத்தது. அனைத்து இருக்கைகளும் அவ்விலைக்கு விற்கப்படவில்லை. கடைசி நேரத்தில் வாங்குவோர் கூடுதலாகச் செலுத்துவர். அந்த இருவகைக் கட்டணமும் சேர்ந்து செலவை ஈடுகட்ட வேண்டும் என்பது கணக்கு.

தொடக்கமே சோதனையாக இருந்தது. 2003 செப்டம்பரில் ஹைதராபாத்தில் முக்கியப் பிரமுகர்கள் அமர்ந்திருந்த விமானத்தின் எஞ்சினில் தீப்பற்றியது. அனைவரும் உயிர் தப்பினர். அதற்குப் பின்னும் நிறுவனம் வளர்ந்தது. நான்கே ஆண்டுகளுக்குள் நாற்பதுக்கும் மேற்பட்ட விமானங்கள், அறுபதுக்கும் மேற்பட்ட ஊர்கள் என்று விரிந்தது.

இது வெறும் வணிகச் செய்தியன்று. நம் ஊரிலிருந்து மும்பையிலும் டெல்லியிலும் பிழைக்கப் போனவர்களின் வீடுகளில் இதன் பொருள் தெரியும். ஜனாஸாவைத் தாமதிக்காமல் அடக்கம் செய்வது நம் மார்க்க ஒழுங்கு. தந்தையின் மௌத்துச் செய்தி கேட்டு மும்பையிலிருந்து இரயிலேறிய ஒரு சகோதரர், ஊர் வந்து சேர்ந்தபோது மண்ணறையைத்தான் கண்டார். சில ஆண்டுகள் கழித்து அவருடைய தாயார் காலமானபோது, அவர் மலிவுக் கட்டண விமானமொன்றில் சென்னை வந்து, அங்கிருந்து காரில் விரைந்து, ஜனாஸாத் தொழுகையின் ஸஃப்பில் நின்றார். “இரண்டாவது தடவை அல்லாஹ் என்னைத் தடுக்கவில்லை” என்று அவர் அழுததை நாம் பார்த்தோம். விமானம் செல்வந்தரின் ஆடம்பரம் என்னும் நிலை மாறியதில் கேப்டன் கோபிநாத்தின் பங்கை மறுப்பது நன்றி மறத்தலாகும்.

பின்னர் ஏன் வீழ்ந்தது?

முதற்காரணம், போட்டி. 2005இல் ஸ்பைஸ்ஜெட்டும் கோஏரும், 2006இல் இண்டிகோவும் வந்தன. ஒருவர் விலையைக் குறைக்க, மற்றவர் இன்னும் குறைத்தார். எரிபொருள் விலை ஏறியது; மாநிலங்களின் விற்பனை வரியும் அதன்மேல் சேர்ந்தது. சீட்டு விலை செலவிற்குக் கீழே நின்றது. இரண்டாவது, வளர்ச்சியின் வேகம். சிறிய ஏ.டி.ஆர். ஒருபுறம், பெரிய ஏர்பஸ் மறுபுறம் என இருவகை விமானங்கள். இருவகைக்கும் தனித்தனி விமானிகள், உதிரிபாகங்கள். தாமதமும் இரத்தும் பெருகின, பயணிகள் குறைகூறினர். இண்டிகோவோ ஒரே வகை விமானத்தோடு தொடங்கி, நேரம் தவறாமையில் கருத்தாக இருந்தது. மூன்றாவது, பணம். 2006 மே மாதம் பங்குகளை வெளியிட்டபோது சந்தை சரிந்துகொண்டிருந்தது. விலையைக் குறைத்து, காலத்தையும் நீட்டித்தே விற்க முடிந்தது.

நட்டம் தொடரவே, 2007 மே இறுதியில் 26 விழுக்காட்டுப் பங்கு ஏறத்தாழ 550 கோடி ரூபாய்க்கு விஜய் மல்லையாவின் குழுமத்திற்குக் கைமாறியது. அவருடைய கிங்ஃபிஷர் உயர்தர வசதிகளை விற்கும் நிறுவனம். வெளிநாட்டுச் சேவைக்கு உள்நாட்டில் ஐந்தாண்டு அனுபவம் வேண்டும் என்பது அன்றைய விதி. 2005இல் தொடங்கிய கிங்ஃபிஷருக்கு அது இல்லை, டெக்கானுக்கு 2008 ஆகஸ்டில் நிறைவடைய இருந்தது. இணைப்பிற்கு இதுவும் ஒரு காரணம். சாமானிய மனிதனின் படம் விமானத்திலிருந்து மறைந்தது. பெயர் ‘சிம்ப்ளிஃப்ளை டெக்கான்’ ஆகி, 2008இல் ‘கிங்ஃபிஷர் ரெட்’ ஆயிற்று. 2011இல் மலிவுச் சேவையே கைவிடப்பட்டது. 2009இல் நம் பக்கத்துச் சேலம் விமான நிலையத்திற்கு வந்த கிங்ஃபிஷரின் சென்னை விமானமும் 2011இல் நின்றது. 2012 அக்டோபரில் கிங்ஃபிஷர் முழுவதுமாகத் தரையிறங்கியது. ஊழியர்களுக்குப் பல மாத ஊதியம் நிலுவை. வங்கிகளுக்குப் பல ஆயிரம் கோடிக் கடன். 2016 மார்ச்சில் அதன் உரிமையாளர் நாட்டைவிட்டு வெளியேறினார்.

இது இந்தியாவிற்கு மட்டும் உரிய கதையன்று. 1977இல் லண்டனுக்கும் நியூயார்க்கிற்கும் இடையே மலிவுக் கட்டணச் சேவை தொடங்கிய ஃப்ரெடி லேக்கரின் நிறுவனமும், பெருங்கடனும் போட்டியாளரின் விலைக்குறைப்பும் அழுத்த, 1982 பிப்ரவரியில் வீழ்ந்தது. முன்னோடி வீழ்ந்தாலும் பாதை மூடவில்லை. 2017இல் அரசின் உடான் திட்டத்தின்கீழ் ஏர் டெக்கான் மீண்டும் பறந்தது. 2020இல் கொரோனாக் காலத்தில் மீண்டும் நின்றது. சேலத்திற்கோ 2018இல் அதே திட்டத்தின்கீழ் வேறொரு நிறுவனத்தின் விமானம் வந்தது.

கடை வைத்திருக்கும், கடை வைக்க எண்ணும் நம் இளைஞர்கள் இதிலிருந்து சிலவற்றைச் சிந்திக்க வேண்டும். எளியோருக்கு உதவும் எண்ணம் நல்ல நிய்யத். எனினும் நிய்யத் கணக்கேட்டிற்கு மாற்றாகாது. அடக்க விலைக்குக் கீழே நெடுங்காலம் விற்பவர், அந்த வித்தியாசத்தை வேறு யாரிடமிருந்தோ எடுக்கிறார். பங்கு வாங்கியவரிடமிருந்து, கடன் கொடுத்தவரிடமிருந்து, இறுதியில் கூலிக்காரரிடமிருந்து. திருக்குர்ஆனின் மிக நீண்ட வசனம் கடனை எழுதிக்கொள்வது பற்றியது என்பதை நாம் ஓதுகிறோம். உழைத்தவரின் கூலியைத் தாமதிக்கக் கூடாது என்பது நபிகளார் (ஸல்) அவர்களின் போதனை. கிங்ஃபிஷரின் இறுதி மாதங்களில் விமானிகளும் பராமரிப்புப் பணியாளரும் சம்பளமின்றித் தெருவில் நின்றபோது மீறப்பட்டது இவ்வொழுங்குதான். நம் கடைகளில் மாதச் சம்பளத்திற்கு நிற்கும் பையனுக்கும் அதே உரிமை உண்டு.

கேள்வி கேட்ட மாணவரிடம் நாம் சொன்னது இதுவே: “கம்பெனி இல்லை, தம்பி. ஆனால் உன் மாமா மும்பையிலிருந்து பெருநாளைக்கு வந்த விமானம், அந்தக் கம்பெனி போட்ட வழியில் வந்ததுதான்.” அவர் சற்று யோசித்துவிட்டு, “அப்படியானால் சம்பளம் கிடைக்காதவர்களுக்கு யார் கொடுத்தார்கள், ஹஜ்ரத்?” என்றார்.

அதற்கு நம்மிடம் விடை இல்லை. கொடுக்கல் வாங்கலில் பிறர் உரிமையைச் சுமந்தவர்களாக மறுமையில் நிற்பதிலிருந்து வல்ல அல்லாஹ் நம்மைக் காப்பானாக. ஆமீன்.