வீட்டில் கட்டும் இலகு விமானங்களில் தாழ்வேக இறக்கை மாற்றங்கள்

ஆர்வலர்கள் தாமே கட்டிக்கொள்ளும் இலகு விமானம் குறைந்த வேகத்திலும் கட்டுப்பாட்டை இழக்காமல் பறப்பதற்கும் குறுகிய தரையில் ஏறி இறங்குவதற்கும் அதன் இறக்கையில் செய்யப்படும் மாற்றங்கள் இத்தலைப்பில் அடங்கும். முன்விளிம்புக்கு முன்னால் பொருத்தும் முன்சிறகு, கீழ்நோக்கி வளைத்த முன்விளிம்பு, பின்விளிம்பு ஃப்ளாப், சுழலாக்கி, இறக்கை முறுக்கு ஆகியவை முக்கியமானவை. இவற்றுள் இங்கு விரிவாகப் பேசப்படுவது முன்சிறகே.

தத்துவம்

விமானத்தின் வேகம் குறையக் குறைய, எடையைத் தாங்க இறக்கையின் தாக்குகோணத்தை, அதாவது எதிர்வரும் காற்றோடு அது அமைக்கும் கோணத்தை, கூட்ட வேண்டும். சாதாரண இறக்கையில் இக்கோணம் ஏறக்குறைய 15 பாகையைத் தாண்டியதும் மேற்பரப்பை ஒட்டி ஓடும் காற்று பிரிந்துவிடுகிறது. தூக்குவிசை சரிகிறது. இந்நிலையே ஸ்டால் எனப்படும். ஸ்டால் வேகத்தைத் தீர்மானிப்பவை விமானத்தின் எடை, இறக்கைப் பரப்பு, உச்சத் தூக்குவிசைக் குணகம் ஆகிய மூன்றும் காற்றின் அடர்த்தியும் ஆகும். குணகத்தை இரட்டிப்பாக்கினால் ஸ்டால் வேகம் பாதியாவதில்லை. சுமார் 30 சதவீதமே குறையும். ஆயினும் தரை ஓட்டம் வேகத்தின் இருமடியைப் பொறுத்ததால் அது ஏறத்தாழப் பாதியாகச் சுருங்கும்.

வரலாறு

முன்சிறகின் மூலவர் ஜெர்மானியரான குஸ்டாவ் லாக்மான். முதல் உலகப் போரில் விமானியாகப் பயிற்சி பெற்ற இவர் 1917இல் ஸ்டாலில் சிக்கி விழுந்து காயமடைந்தார். மருத்துவமனையில் இருந்தபோது, இறக்கையைக் குறுக்கே பிளந்து இடைவெளி விட்டால் காற்று பிரிவதைத் தள்ளிப்போடலாம் என்று கருதினார். 1918 பிப்ரவரியில் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார். பிளவு இறக்கையின் தூக்குவிசையைக் கெடுத்துவிடும் என்ற எண்ணம் நிலவிய காலம் அது, விண்ணப்பம் ஏற்கப்படவில்லை. பின்னர் கோட்டிங்கனில் லுட்விக் பிராண்டல் நடத்திய காற்றுச் சுரங்கச் சோதனையில் தூக்குவிசை 63 சதவீதம் கூடியது தெரியவந்தது. அதன்பின் காப்புரிமை கிடைத்தது.

இதே வழியில் இங்கிலாந்தில் ஃபிரெடெரிக் ஹேண்ட்லி பேஜ் 1919இல் காப்புரிமை கோரினார். 1920 அக்டோபரில் லண்டனை அடுத்த கிரிக்கிள்வுட்டில், பிளவு இறக்கை பொருத்திய டி.எச்.9 விமானத்தைப் பறக்கவிட்டுக் காட்டினார். அவருடைய நிறுவனம் ஓர் இறக்கையில் ஏழு பிளவுகள் வரை இட்டுச் சோதித்தது; அதன் உச்சக் குணகம் 3.92ஐ எட்டியது, ஸ்டால் 45 பாகை வரை தள்ளிப்போனது. பின்னர் இருவரும் உரிமைகளில் உடன்பாடு கண்டனர். 1929இல் லாக்மான் ஹேண்ட்லி பேஜ் நிறுவனத்திலேயே சேர்ந்தார். காற்றழுத்த மாற்றத்தால் தானே வெளிவரும் தானியங்கி முன்சிறகு இந்நிறுவனத்தின் வழியே பரவியது. 1931இல் பறந்த டைகர் மாத் பயிற்சி விமானத்தின் மேலிறக்கையில் அதைக் காணலாம்.

1929இல் அமெரிக்காவின் குகன்ஹைம் நிதியம் பாதுகாப்பான விமானத்துக்கான போட்டியை நடத்தியது. மணிக்கு 35 மைல், அதாவது 56 கி.மீ. வேகத்தில் மட்டமாகப் பறக்க வேண்டும் என்பது விதிகளுள் ஒன்று. இறுதிவரை நின்றவை இரண்டு: கர்டிஸ் டானேஜர், ஹேண்ட்லி பேஜ் குக்னங்க். இரண்டிலும் முன்சிறகும் ஃப்ளாப்பும் இருந்தன. 1,00,000 டாலர் பரிசை டானேஜர் பெற்றது.

வீட்டில் கட்டுவோர் வட்டத்துக்குப் பிளவு என்னும் கருத்தைக் கொண்டுவந்தவர் பிரான்சின் ஆன்ரி மின்யே. 1933இல் பறந்த இவருடைய 'பூ டு சியேல்' விமானத்தில் ஒன்றன்பின் ஒன்றாக இரு இறக்கைகள் இருந்தன. அவற்றின் இடைவெளி பிளவாக வேலை செய்யும் என்பது அவர் கணிப்பு. பக்கச் சாய்வைக் கட்டுப்படுத்தும் எய்லரான் கிடையாது, முன்னிறக்கையையே சாய்த்து ஏறி இறங்க வேண்டும். தச்சு வேலை தெரிந்தவர் எவரும் கட்டலாம் என்று அவர் நூல் எழுத, பிரான்சிலும் பிரிட்டனிலும் பலர் கட்டத் தொடங்கினர். உயிரிழப்புகள் தொடர்ந்தன. முழு அளவு விமானத்தைக் காற்றுச் சுரங்கத்தில் வைத்துச் சோதித்தபோது, மூக்கு ஓரளவுக்கு மேல் தாழ்ந்தால் அதை மீட்க முடியாது என்பது வெளிப்பட்டது. 1936இல் அதைப் பறக்கவிடத் தடை விதிக்கப்பட்டது. இரு இறக்கைகளின் இடைவெளியும் நிலையும் பின்னர் திருத்தப்பட்டு அக்குடும்பத்தின் விமானங்கள் இன்றும் கட்டப்படுகின்றன.

1936இல் பறந்த ஜெர்மானிய ஃபீஸலர் ஸ்டார்க் விமானத்தில் இறக்கையின் முழு நீளத்துக்கும் நிலையான முன்சிறகு உண்டு. மணிக்கு சுமார் 50 கி.மீ. வரை அது தாங்கிப் பறந்தது. 1943 செப்டம்பர் 12 அன்று கிரான் சாசோ மலையிலிருந்து முசோலினியை ஏற்றிச் சென்றது இவ்வகை விமானமே. அதன் முக்கால் அளவுப் பிரதியாக லாடிஸ்லாவோ பாஸ்மனி வரைந்த பி.எல்.9 ஸ்டார்க், வீட்டில் கட்டுவோருக்கானது.

முன்சிறகு செயல்படும் விதம்

முன்சிறகுக்கும் இறக்கைக்கும் இடையிலான பிளவின் வழியே பாயும் புதுக்காற்று மேற்பரப்பின் சோர்ந்த படலத்துக்கு ஊக்கம் தருகிறது என்ற விளக்கம் நெடுங்காலம் வழங்கியது. அது சரியன்று. 1975இல் வெளியான கட்டுரையில் ஏ.எம்.ஓ. ஸ்மித் இதைத் தெளிவாக்கினார்: முன்சிறகைச் சுற்றியுள்ள சுழலோட்டம், பின்னுள்ள முதன்மை இறக்கையின் மூக்கில் உருவாகும் கூர்மையான உறிஞ்சலைத் தணிக்கிறது. அதனால் அங்கு காற்று பிரிவதற்கான தூண்டுதலே குறைகிறது.

வகைகள்

நிலையான முன்சிறகு: அசையும் பாகம் இல்லாததால் வீட்டுப் பட்டறையில் செய்ய எளிது. கிறிஸ் ஹைன்ட்ஸ் 1986இல் வடிவமைத்த ஜெனித் சி.எச்.701 இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு. உச்சக் குணகம் 3.1 என்பது வடிவமைப்பாளரின் கணக்கு. பின்விளிம்பில் இறக்கையிலிருந்து விலகித் தொங்கும் யுங்கர்ஸ் வகைத் தனித்தகடு ஃப்ளாப்பாகவும் எய்லரானாகவும் வேலை செய்கிறது. இந்தியத் தேசிய மாணவர் படையின் விமானப் பிரிவு இவ்விமானத்தைப் பயிற்சிக்குப் பயன்படுத்தியுள்ளது.

தானியங்கி முன்சிறகு: வேகமாகப் பறக்கையில் இறக்கையோடு ஒட்டிக்கொள்வதால் இழுவை குறைவு. இரு பக்கமும் ஒரே நேரத்தில் வெளிவர வேண்டும். தண்டவாளமும் உருளையும் துல்லியமாக அமைய வேண்டும்.

வளைந்த முன்விளிம்பு: 1970களின் இறுதியில் நாசாவின் லாங்லி ஆய்வு மையம் இதை விரிவாக ஆராய்ந்தது. முழு நீளமும் வளைத்தபோது விமானம் தட்டையாகச் சுழன்று மீள்வது கடினமாயிற்று. வெளிப்பகுதியை மட்டும் வளைத்து, தொடக்கத்தில் திடீர் வெட்டு விட்டபோது சுழலில் விழுவதே அரிதாயிற்று. பர்ட் ரூட்டானின் வேரி-ஈஸிக்கு இவ்வகை மாற்றம் பரிந்துரைக்கப்பட்டது.

ஃப்ளாப்: பின்னோக்கி நகர்ந்து பரப்பையும் கூட்டும் ஃபவுலர் வகை வலிமையானது, பொறியமைப்பு சிக்கலானது.

சுழலாக்கி: முன்விளிம்பை அடுத்து வரிசையாக ஒட்டும் சிறு தகடுகள். 1947இல் அமெரிக்காவின் எச்.டி. டெய்லர் இவற்றை அறிமுகப்படுத்தினார். மேலிருக்கும் வேகக் காற்றைச் சுழற்றிக் கீழே இறக்கி, பிரிவைத் தாமதப்படுத்துகின்றன. சில பயனர்கள் சி.எச்.701இன் முன்சிறகைக் கழற்றிவிட்டுச் சுழலாக்கி ஒட்டிப் பயண வேகத்தைச் சற்றுக் கூட்டிக்கொள்கின்றனர். இத்தாலியின் ஐ.சி.பி. நிறுவனமும் தன் சவானா விமானத்தின் ஒரு வகையில் இவ்வழியை மேற்கொண்டது. எனினும் மிகச் செங்குத்தான ஏற்றத்துக்கும் இறக்கத்துக்கும் முன்சிறகுக்கு இது ஈடாகாது.

இறக்கை முறுக்கு: நுனியின் கோணத்தை அடிப்பகுதியைவிட இரண்டு மூன்று பாகை குறைத்துக் கட்டுவது. ஸ்டால் அடியில் தொடங்க, எய்லரான் கடைசிவரை பிடிமானம் தரும்.

கட்டுப்பாடுகள்

தூக்குவிசை கூடினால் மட்டும் போதாது. வால் பகுதிக்குத் தாழ்ந்த வேகத்திலும் மூக்கைத் தூக்கி நிறுத்தும் வலு வேண்டும். எடை மையம் வரம்புக்குள் இருக்க வேண்டும். பெரிய மாற்றம் செய்த விமானம் மீண்டும் சோதனைப் பறப்புக்கு உட்பட வேண்டும் என்பது அமெரிக்க நடைமுறை.

தற்போதைய நிலை

2012இல் ஜஸ்ட் ஏர்கிராஃப்ட் நிறுவனம் தானே வெளிவரும் முன்சிறகுடன் சூப்பர்ஸ்டோல் என்னும் தொகுப்பு விமானத்தை வெளியிட்டது. அலாஸ்காவின் வால்டீஸில் ஆண்டுதோறும் குறுந்தரைப் போட்டி நடக்கிறது. விளையாட்டு விமானி உரிமத்தில் ஓட்டத்தக்க விமானத்துக்கு அமெரிக்கா 2004இல் விதித்த ஸ்டால் வேக வரம்பு 45 நாட். 2025இல் அது 59 நாட்டாக உயர்த்தப்பட்டது.