மக்காவிற் கோப்பி மீது நடந்த விசாரணை

கோப்பியின் தோற்றம் பற்றிக் கூறுவோர், செந்நிறக் கனிகளைத் தின்று உறங்காது துள்ளிய ஆடுகளையும் அவற்றின் இடையனான கால்டியையும் முதலிற் குறிப்பிடுவர். இத்தகைய கதை 1671இல் உரோமாபுரியில் வெளிவந்த நூலொன்றிலேயே முதன்முதல் அச்சேறியது. கால்டி என்ற பெயரோ அதற்கும் பிற்பட்டது. இதனை வரலாறெனக் கொள்ளுதல் பொருந்தாது.

கோப்பிச் செடி எதியோப்பியாவின் தென்மேற்கு மலைக்காடுகளுக்குரியது. ஆயின், அது பானமாக வரலாற்றிற் புகுவது செங்கடலுக்கு அப்பால், 15ஆம் நூற்றாண்டின் யெமனிலேயாகும். அங்கு சூபி நெறியினர் இரவு வழிபாட்டின்போது உறக்கம் வெல்லாதிருக்க இதனை அருந்தினர். அவர்கள் அதனைக் 'கஹ்வா' என்றனர். பழைய அரபுக் கவிதையில் அச்சொல் மதுவைக் குறித்தது. வில்லங்கம் பெயரிலேயே இருந்தது எனலாம்.

1511இல் அது வெளிப்பட்டது. மக்காவில் அங்காடி ஒழுங்கையும் பொது ஒழுக்கத்தையும் கண்காணித்த மம்லூக் அதிகாரி காயிர் பேக், பள்ளிவாசலருகே இரவிற் கூடிக் கோப்பி அருந்தியோரைக் கண்டு ஐயுற்றார். மறுநாள் மார்க்கச் சட்ட அறிஞரின் சபை கூடிற்று. இரு மருத்துவர்கள் இப்பானம் உடலுக்குத் தீங்கானது எனச் சான்று பகர்ந்தனர். தடை பிறந்தது, கோப்பி வீதியில் எரிக்கப்பட்டது. எனினும் கெய்ரோவிலிருந்து வந்த சுல்தானின் ஆணை, கூட்டங்களைக் கண்டித்ததேயன்றிப் பானத்தை முற்றாக விலக்கவில்லை. மருத்துவர் கூற்று வெறுஞ் சாட்டே என்பதும், அதிகாரம் அஞ்சியது மக்கள் கூடிப் பேசுவதையே என்பதும் இவ்வாணையாற் புலனாகின்றன. இங்கிலாந்து மன்னன் இரண்டாம் சார்ள்சும் 1675 டிசம்பரில், அவதூறு பரப்பும் இடங்களெனக் கோப்பிக் கடைகளை மூடக் கட்டளையிட்டான். எதிர்ப்புக் கண்டு சில நாட்களிலேயே அதனைக் கைவிட்டான். மக்காவின் அச்சம் இலண்டனிலும் மாறவில்லை.

1550களில் இசுத்தான்புல்லிலும் கோப்பிக் கடைகள் தோன்றிவிட்டன. உலகச் சந்தைக்குரிய கோப்பி ஏறத்தாழ முழுவதும் யெமன் மலைச்சரிவுகளில் விளைந்து, மொக்கா முதலிய துறைமுகங்கள் வழியே சென்றது. 17ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஒல்லாந்தர் ஜாவாவிற் பயிரிட்டதோடு அத்தனியுரிமை தளர்ந்தது. ஜாவாவிலிருந்து 1706இல் ஆம்ஸ்டர்டாம் சேர்ந்த செடியின் வழித்தோன்றல் ஒன்று 1714இல் பிரான்சிய மன்னன் பதினான்காம் லூயிக்குப் பரிசாயிற்று. அமெரிக்கத் தோட்டங்களின் பழைய கோப்பி மரங்களுட் பெரும்பாலானவை இவ்விரு நகரங்களின் செடிகளிலிருந்தே பெருகின. 18ஆம் நூற்றாண்டின் முற்பாதியிலேயே ஆம்ஸ்டர்டாம் சந்தையில் ஜாவாக் கோப்பி யெமன் கோப்பியை விஞ்சியது.